தெரு ஏறி வந்த உடற்பயிற்சிக் கூடம்

புது ட்ரெட்மில்கள் வந்து இறங்கிய நான்காம் நாள் காலையில், உடற்பயிற்சிக் கூடம் இருந்த இடத்தை விட்டு ஒன்றரை முழம் முன்னால் வந்து நின்றது. முதலில் கவனித்தவர் பால் போடுகிறவர். அவர் தினமும் சைக்கிளைச் சாய்த்து வைக்கும் விளக்குக் கம்பம் கூடத்தின் முன்சுவர் மூலைக்கு நேராக இருக்கும். அன்றைக்குப் பக்கவாட்டு ஜன்னலுக்கு நேராக இருந்தது. கம்பம் பின்னால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வீடு வீடாகப் பாலோடு அந்தச் செய்தியையும் ஊற்றிவிட்டுப் போனார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்தது, பேசுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கூடம் என்பது தெருவின் கீழ்க்கோடியில், தெருவைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்ற நீளமான ஓட்டுக் கட்டடம். முன்பு பெயிண்ட் டப்பா அடுக்கும் கிடங்காக இருந்தது. தெரு அங்கிருந்து லேசான மேடாக ஏறி, மேல்கோடியில் ரொட்டிக்கடை வாசலில் போய் முட்டும். உறுப்பினர்கள் எல்லோரும் தெருக்காரர்கள். அங்கே எந்த முடிவுக்கும் கை தூக்கி வாக்களிக்கும் வழக்கம் கிடையாது. பயிற்சி முடித்தவர்களால் கையைத் தூக்க முடியாது என்பதுதான் காரணம். பின்சுவரில் இரண்டு துணிக்கொடிகள் கட்டியிருந்தார்கள். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம். வேர்வையைத் துடைத்த துண்டை எந்தக் கொடியில் போடுகிறாரோ அதுதான் அவருடைய வாக்கு. வராதவரின் துண்டு நடுவில் உள்ள ஆணியில் தொங்கும், அது இறங்கும்வரை முடிவும் இறங்காது. அந்த ஆணியில் எட்டு மாதமாக ஓர் ஆரஞ்சுத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் கூரை ஒழுகலைச் சரி செய்யலாமா என்பதுகூட முடிவாகாமல், ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி உடற்பயிற்சி செய்தார்கள். துண்டை எடுத்துப் போட்டுவிடலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அந்தத் துண்டு ரொட்டிக்கடைக்காரரின் மனைவியுடையது. தெருவில் அவருக்குப் பயில்வான் அக்கா என்று பெயர். கிடங்கைக் கூட்டிப் பெருக்கி, முதல் டம்பெல்லைக் கொண்டுவந்து வைத்தவரே அவர்தான். ஐம்பது தாண்டிய பிறகும் தோளுக்கு ஒன்றாக மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். கல்யாண நாள் வந்தால் கணவரை இடுப்பில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். அவரும் மேலே இருந்தபடி எல்லோரையும் பார்த்துக் கையசைப்பார். அப்பேர்ப்பட்ட ஆள் குளியலறையில் ஒரு சோப்பை மிதித்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரும்பு மேலே விழுந்திருந்தால் பெருமையாகவாவது இருந்திருக்கும், போயும் போயும் சோப்பிடம் தோற்றேனே என்று அங்கலாய்ப்பார். எலும்பு கூடிவிட்டது, நடக்க வேண்டியதுதான் பாக்கி. மழைக்காலத்துக்குள் நடக்கத் தொடங்காவிட்டால் மூட்டு இறுகிப் போகும், அதற்குப் பிறகு என்னிடம் வரவேண்டாம் என்று எலும்பு டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்காவோ கட்டிலைப் பிடித்து நாற்காலிக்கு நகர்வதோடு சரி. கணவர் வாங்கித் தந்த வாக்கரில் ஈரத்துணி காயப்போட்டார். ஜிம்முக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நாலு பேர் வந்து நின்றபோது, "தூக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன மாவு மூட்டையா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். உண்மையில் அவருக்குப் பயம். தெருவே பார்க்க இன்னொரு தடவை விழுந்துவிடுவோமோ என்ற பயம். அதைக் கணவரிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தார். அவருக்கும் அதே பயம்தான், ஆனால் அவர் சொல்லவில்லை.

விழவிடாமல் நடக்கவைக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது என்று ரொட்டிக்கடைக்காரர் கேள்விப்பட்டது அந்தச் சமயத்தில்தான். இரண்டு பக்கமும் கைப்பிடி, இழுத்த மாத்திரத்தில் நிற்கவைக்கும் கயிறு, வேண்டுமென்றால் நத்தை வேகத்திலும் ஓடும். கூடத்தின் செயலாளராக இருந்த பல் டாக்டரிடம் போய்ச் சொன்னார். புதிதாக எதைக் கேட்டாலும் துள்ளிக் குதிக்கிறவர் பல் டாக்டர். அன்று சாயந்திரமே கூட்டம் போட்டுவிட்டார். பொருளாளரான பூட்டுக்காரர் கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். இரும்புக்குக் கரண்ட் வேண்டாம், ரிப்பேருக்கு ஆள் வேண்டாம், போட்டது போட்டபடி கிடக்கும். இந்த மாதிரிப் பளபளப்புச் சாமான்கள் ஒரு வருஷத்தில் துணி காயப்போடத்தான் உதவும் என்றார். "தெருவே மேடு. ஏறி இறங்கினா போதாதா? நாள் முழுக்க நடந்தாலும் நின்ன இடத்துலயே நிக்கிறதுக்கு ஒரு மெஷினா?" என்று அவர் கேட்டபோது பாதிப் பேருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் ஒரு வழியாகச் சமாதானம் ஆனார்கள். மழைக்காலம் தொடங்கும்வரை கம்பெனியிடம் சும்மா வாங்கிப் போட்டுப் பார்ப்பது, பிறகு துண்டு போட்டு முடிவு சொல்வது, முடிவு வராவிட்டால் கம்பெனி தன் லாரியில் எடுத்துக்கொண்டு போய்விடும். நான்கு ட்ரெட்மில்லும் ஒரு துடுப்பு இயந்திரமும் வந்தன. ரொட்டிக்கடைக்காரர் அடுப்பைக்கூட அணைக்காமல் உள்ளே ஓடி மனைவியிடம் சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரிங்க. அது அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன்," என்றார். அன்றைக்குப் பன் எல்லாம் கருகிவிட்டது.

தப்பு நடந்தது இயந்திரங்களை இறக்கி வைத்த இடத்தில்தான். ரப்பர் விரிப்பின் மேல் வைத்தால் போதும், தரையோடு மட்டும் பிணைத்துவிடாதீர்கள் என்று கம்பெனிக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். பூட்டுக்காரர் காதில் அது ஏறவில்லை. ஆயுசு முழுக்கப் பூட்டு செய்து பிழைத்த மனிதர். பூட்டாத பொருளைப் பார்த்தாலே அவருக்குக் கை அரிக்கும். எனக்குப் பிடிக்காவிட்டாலும் இரவல் சாமான், காணாமல் போனால் பொருளாளர் அல்லவா பதில் சொல்ல வேண்டும் என்று, நான்கு ட்ரெட்மில்லையும் தரைக்கு அடியில் ஓடும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து நன்றாக இறுக்கிப் பூட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் நடந்தால் விளக்கு மிச்சம் என்று நான்கையும் ரொட்டிக்கடையைப் பார்த்துத் திருப்பி வைத்ததும் அவரேதான். ஆக, நடக்கிறவர் பெல்ட்டைப் பின்னால் தள்ள, பெல்ட் இயந்திரத்தை முன்னால் தள்ள, இயந்திரம் தனியாகப் போக முடியாமல் கட்டடத்தைத் தள்ள, கட்டடத்துக்கு நகர்வதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

பால்காரர் சொன்னதை நம்பாத பல் டாக்டர், கூடத்தின் முன்சுவரை ஒட்டித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் வந்து பார்த்தபோது கோடு கட்டடத்துக்கு அடியில் போயிருந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் திரும்பி ஓடி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த நோயாளியிடம்தான் முதலில் சொன்னார். நோயாளியால் பதில் பேச முடியவில்லை. இருட்டுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து ட்ரெட்மில்லில் ஏற வரிசை நின்றது. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவர்கள், உடற்பயிற்சி என்றாலே தலைவலி வருகிறவர்கள், சலவைக்கடை அம்மா, டியூட்டி முடிந்த பஸ் கண்டக்டர், புதுசாகக் கல்யாணம் ஆகிப் பக்கத்துப் பக்கத்து இயந்திரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு ஜோடி என்று எல்லோரும் வந்தார்கள். தாங்கள் நடந்ததில் ஒரு கட்டடம் நகர்ந்தது என்று வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது நின்று, எந்த வீட்டுக்கு வந்திருக்கு என்று கேட்பது வழக்கமாயிற்று.

ரொட்டிக்கடைக்காரருக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. காலை ரொட்டியை அடுக்கிவிட்டு மாவு படிந்த காலோடு வந்து ஏறுவார். ஜன்னல் வழியாகத் தன் வீட்டு வாசலைப் பார்ப்பார். நடப்பார். அது அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன் என்று மனைவி சொன்னது அவர் காதை விட்டுப் போகவே இல்லை. எதற்காக இந்த மனிதர் இப்படி விழுந்து விழுந்து நடக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

சிரமங்கள் இல்லாமல் இல்லை. எலக்ட்ரீஷியன் தினமும் வந்து ஒயரை ஒட்டுப்போட்டு நீட்டினார். தண்ணீர்க் குழாயை நீட்டி மாளாமல், கீழ்க்கோடியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்து விட்டார்கள். கட்டடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடைவெளிதான். கொஞ்சம் பருமனானவர்கள் கூடத்துக்குள் ஏறி மறுபக்கம் இறங்கித் தங்கள் வீட்டுக்குப் போனார்கள், போகிற போக்கில் டம்பெல்லையும் ரெண்டு தூக்குத் தூக்கிவிட்டுப் போனார்கள். பூட்டுக்காரரின் கடை தெருவின் நடுவில் இருந்தது. கூடம் அதைக் கடக்கிற நாட்களில் பட்டப்பகலில் விளக்குப் போட்டு உட்கார்ந்து, இந்த வேலைக்குப் பூட்டுப் போட்டது நான்தானா என்று தன்னையே திட்டிக்கொண்டார். துடுப்பு இயந்திரத்தில் யாராவது உட்கார்ந்து இழுத்தால் கட்டடம் பின்னால் போவது தெரிந்ததும், அதை பிரேக்குக்கு என்று ஒதுக்கினார்கள். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். தெருவில் கட்டடம் கட்டினால் அது ஆக்கிரமிப்பு. ஆனால் இது கட்டியது இல்லை, வந்தது. வந்து போகிற பொருள் வாகனத்தில் சேர்த்தி என்று முடிவு செய்து, பின்சுவரில் ஒரு சிவப்பு விளக்கு மாட்டச் சொல்லிவிட்டுப் போனார். போவதற்கு முன் அவரும் கொஞ்ச நேரம் நடந்தார்.

பயில்வான் அக்கா முதல் வாரம் ஜன்னல் பக்கமே வரவில்லை. இரண்டாம் வாரம் நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொன்னார். கூடம் பாதித் தெரு ஏறியபோது நாற்காலி வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே உட்கார்ந்துகொண்டு ரொட்டி வாங்க வருகிறவர்களிடம், யார் குனிந்து நடக்கிறார்கள், யார் கையை வீசாமல் நடக்கிறார்கள் என்று குற்றம் குறை சொல்லி அனுப்பினார். சொன்னது உடனுக்குடன் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர் தோளை நிமிர்த்திக்கொண்டார். கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது, குதிகால் வலிக்கிறதா என்று கேட்டு, அவர் இல்லை என்று சொன்னதை நம்பாமல் எண்ணெய் தேய்த்துவிட்டார். கணவருக்கு அழுகையாக வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக இன்னொருவரின் காலைப் பற்றி அக்கா யோசித்திருந்தார்.

கெடு முடிந்த நாளில் கூடம் ரொட்டிக்கடைக்கு ஒரு வீடு தள்ளி நின்றது. வானம் கறுத்திருந்தது. கம்பெனி லாரி நேராகக் கீழ்க்கோடிக்குப் போய், வெயிலே படாத வெளிறிய மண்ணைப் பார்த்து நின்றது. கம்பெனிக்காரர் விவரமான ஆள். ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே மேடேறிக் கூடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இயந்திரங்களை ஒப்படைக்கச் சொன்னார். நான்கிலும் ஆள் நடந்துகொண்டிருந்தார்கள்: ரொட்டிக்கடைக்காரர், பல் டாக்டர், சலவைக்கடை அம்மா, கண்டக்டர். ஓடுகிற இயந்திரத்தை இறக்கக் கூடாது என்பது கம்பெனியின் விதி என்பதால், யாராவது இறங்கட்டும் என்று அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் இறங்குவதாக இல்லை. ஆனால் கண்டக்டருக்குக் காலையிலிருந்தே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் தாங்க முடியாமல் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஓர் இயந்திரம் காலியானது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வெளியே மழைக்கு முன் துணி எடுக்க ஓடியிருந்தார்கள். மீதி இருந்தவர் பூட்டுக்காரர் ஒருவர்தான். பூட்டைத் திறந்துவிடுவதற்காகச் சாவிக்கொத்தோடு வந்திருந்தார்.

அவர் சாவியைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார். வேண்டாம் கொடியில் முதல் நாளிலிருந்து தொங்கிய தன் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ட்ரெட்மில்லில் ஏறினார். அதுவரை ஒரு தடவைகூட ஏறாதவர், எந்தப் பொத்தான் எது என்று தெரியாமல் ஏதோ ஒன்றை அழுத்தினார். அது மிக வேகமாக ஓடுகிற பொத்தான். பூட்டுக்காரர் ஓடினார். கூடம் குலுங்கிக்கொண்டு, ஓடுகள் சடசடக்க, அதுவரை வராத வேகத்தில் மேடேறியது. அதே நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது.

அக்கா கண் முன்னால் ஒரு சுவர் வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் நான்கு முகங்கள், நடுவில் வேர்த்து வழிகிற தன் கணவரின் முகம். இன்னும் கொஞ்சம் விட்டால் வாசலில் இருந்த ரொட்டி அலமாரி நொறுங்கிவிடும். அவர் எழுந்து நின்றார். எதையும் பிடிக்காமல்தான் எழுந்தார், அது அவருக்கே அப்போது தெரியாது.

"நிறுத்துங்க. போதும். மீதியை நான் வர்றேன்."

ரொட்டிக்கடைக்காரர் கயிற்றை இழுத்தார். பல் டாக்டர் பிரேக் என்று கைகாட்ட, கம்பெனிக்காரர் பாய்ந்து போய்த் துடுப்பை இழுத்தார். கூடம் நின்றது. இரண்டு வாசல்படிகளுக்கும் நடுவே மூன்று அடி எடுத்து வைக்கிற தூரம், அதில் மழை பெய்துகொண்டிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் கூடத்து வாசலுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, மடக்கிக்கொண்டார். அக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. வலது காலை வைத்தார். இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார். ஈரத்தில் கால் வழுக்கப் பார்த்தது. சோப்பு என்று முணுமுணுத்துவிட்டு அடுத்ததை வைத்தார். மூன்றாவது அடியில் கூடத்து நிலையைப் பிடித்துவிட்டார். முதலில் கை தட்டியவர் கம்பெனிக்காரர்.

நத்தை வேகத்தில் ட்ரெட்மில்லில் ஏறி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அக்கா கொஞ்சம் நடந்தார். கட்டடம் அரை விரல்கடை நகர்ந்தது. இறங்கி, ஆணியில் எட்டு மாதமாகத் தொங்கிய துண்டை எடுத்தார். கூரை ஒழுகி அது நனைந்திருந்தது. அதைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேண்டுமா வேண்டாமா என்று எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். அவர் எந்தக் கொடியிலும் போடவில்லை.

"இத்தனூண்டு நேரத்துல என்னன்னு சொல்றது? மெஷினைத் திருப்பிப் போடுங்க. இது கீழ போகட்டும். நான் பின்னாலயே வர்றேன்."

அவர் சொன்னது முதலில் புரிந்தது பூட்டுக்காரருக்குத்தான். மூச்சு வாங்கிக்கொண்டே சாவியை எடுத்து, நான்கு பூட்டையும் திறந்து, நான்கு இயந்திரத்தையும் பின்சுவரைப் பார்க்கத் திருப்பி, பழையபடியே இறுக்கிப் பூட்டினார். துண்டு ஆணியிலிருந்து இறங்கிவிட்டது, கொடியில் விழும்வரை கெடுவைத் தள்ளிவைக்க வேண்டும் என்று பல் டாக்டர் கம்பெனிக்காரரைக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார், லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார்.

மழைக்காலம் முழுக்கக் கூடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஒவ்வொரு நாளும் அக்காவுக்கும் அதற்கும் நடுவே தூரம் கொஞ்சம் கூடியது, ஒவ்வொரு நாளும் அவர் குடை பிடித்துக்கொண்டு அதை நடந்து கடந்தார். வழியில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள். முதலில் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தார். பிறகு ஒன்று விட்டு ஒன்று. பிறகு பூட்டுக்காரர் கடையில் மட்டும், அதுவும் அவரைக் கிண்டல் செய்வதற்காக. கணவர் அரை அடி பின்னால் கையை நீட்டியபடியே வருவார். ஒரு நாள் அக்கா திரும்பிப் பார்த்து, போய்க் கடையைப் பாருங்கள், பன் கருகுகிற வாசனை வருகிறது என்றார். அன்றிலிருந்து தனியாகவே வந்தார்.

மழை விட்ட வாரத்தில் கூடம் தன் பழைய வெளிறிய மண்ணில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மறுநாள் பயில்வான் அக்கா ரொட்டிக்கடைப் படியிறங்கித் தெருவின் முழு நீளத்தையும் நடந்தார். எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. கூடத்துக்குள் போய்ப் பின்சுவர்வரை போய், ஆரஞ்சுத் துண்டை வேண்டும் கொடியில் போட்டார். அங்கே அவருக்கு முன்னாலேயே பூட்டுக்காரரின் துண்டு கிடந்தது. ட்ரெட்மில்களை வாங்குவது என்று அன்றைக்கே முடிவாயிற்று, கையோடு கூரையும் முடிவாயிற்று. துடுப்பு இயந்திரத்தைக் கம்பெனியே பிரேக்குக்கு என்று விட்டுவிட்டுப் போனது. கூட்டம் கலைகிற நேரத்தில் அக்கா கணவரின் இடுப்பைப் பிடித்தார். எல்லோரும் வேண்டாம் அக்கா என்றார்கள். அவர் தூக்கினார். ஒரு சாண் உயரம்தான் வந்தது. அந்த உயரத்தில் இருந்தபடியே ரொட்டிக்கடைக்காரர் எல்லோரையும் பார்த்துக் கையசைத்தார், கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு இன்னொரு கை தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு கூடம் ஒரே இடத்தில் அதிக நாள் நின்றதில்லை. பிரசவமாகி வந்த சலவைக்கடை அம்மாவின் மகளுக்காக ஒரு முறை போயிற்று, மாரடைப்பு வந்து பிழைத்த எலக்ட்ரீஷியனுக்காக அடுத்த தெருவுக்கே ஒரு முறை போயிற்று. திருப்பத்தில் ஓர் ஓடுகூட விழவில்லை. புதிதாகக் குடிவருகிறவர்கள் ஜிம் எங்கே என்று கேட்டால், இன்றைக்கா என்று திருப்பிக் கேட்பார்கள். போன மாதம் பூட்டுக்காரருக்கு மூட்டு ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு கிடந்தார். நேற்று மத்தியானம் அவர் அறை இருட்டியது. எழுந்து உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தால், எதிரே ட்ரெட்மில்லில் பயில்வான் அக்கா. வெளிச்சத்தை மறைக்கிறீர்கள் என்று பூட்டுக்காரர் சத்தம் போட்டார். அக்கா காதில் போட்டுக்கொள்ளாமல் நடந்தார். பூட்டுக்காரர் வாசலைப் பார்த்தார், வருகிற சுவரைப் பார்த்தார், காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டார்.

"மூணு அடி இருக்கும்போதே நிறுத்திடுங்க அக்கா," என்றார்.

அக்கா கயிற்றை இழுத்தார்.